பகுதியும் பாதியும்: ‘பகுதிநேரம்’ என்னும் சொல்லாட்சி

‘பகு’ என்னும் வினையடியிலிருந்து பகுதி, பங்கு, பாதி முதலிய சொற்கள் கிளைத்தன. பாதி என்பது பகுதியின் திரிபே. இடைநின்ற உயிர்மெய் கெட்டு முதலெழுத்து நீண்டது. உடன்பிறப்புகளாயினும் பொருளில் இரண்டும் பிரிந்துவிட்டன. பாதி, சமமான இரண்டில் ஒன்று. பகுதிக்கு அவ்வாறான அளவு வரையறை இல்லை.

‘பகுதிநேரம்’ என்று நாம் வழங்கும் தொடரின் பொருத்தம் இங்கேதான் உள்ளது. மலாய்மொழி இதனைச் ‘செபாரு மாசா’ என்கிறது. அரைநேரம் என்பதே அதன் நேர்ப்பொருள். மலேசியாவின் 2010ஆம் ஆண்டு விதிமுறைகளோ, முழுநேர ஊழியரின் வழக்கமான வேலைநேரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேற்பட்டு 70 விழுக்காட்டுக்கு மிகாமல் உழைப்பவரைப் பகுதிநேர ஊழியர் என்கின்றன. சிங்கப்பூர்ச் சட்டம், வாரத்திற்கு 35 மணிக்குக் குறைவாக வேலை செய்ய ஒப்பந்தமானவரை அவ்வாறு கொள்கிறது. மொழிப்பற்றை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும், இவ்விரண்டிற்கும் தமிழ்ச்சொல் நன்கு பொருந்துகிறது.

கல்வித்துறைக்கு வரும்போது சொல் சற்றே இடறுகிறது. சிங்கப்பூரில் 1950இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நிறுவப்பட்டது. பள்ளிகள் பெருகிய அக்காலத்தில், பயிற்சி முடியும்வரை வகுப்பறைகள் காத்திருக்க இயலவில்லை. ஆகவே பலர் நாளின் ஒரு பாதியில் பாடம் நடத்தி, மறுபாதியில் கல்லூரியில் பயின்றனர். அவர்களைப் பகுதிநேர ஆசிரியர் என்பதா, பகுதிநேர மாணவர் என்பதா? எப்பெயரால் அழைப்பினும், அவர்தம் நாளின் ஒரு கூறு மறைந்துவிடுகிறது. பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1971இல் தொடங்கிய வெளிவளாகப் பட்டப்படிப்பில், வேலையில் இருந்துகொண்டே பயின்றோர்க்கும் இவ்வினா பொருந்தும்.

இடர்ப்பாடு இலக்கணத்தில் உள்ளது. ‘பகுதிநேரப் பணி’ என்னும்போது அடைமொழி பணியைத் தழுவுகிறது. ‘பகுதிநேர ஆசிரியர்’ என்னும்போதோ ஆளையே தழுவி, குறைந்த நேரத்தைக் குறைந்த தகுதியாகக் காட்டுகிறது. “அவர் பகுதிநேரம்தானே” என்று ஆசிரியர் அறைகளில் கேட்கிறோம். அந்தத் ‘தானே’ செய்யும் தீங்கு சிறிதன்று! மாணவர்கள் எழுதுமிடத்து, ‘பகுதிநேரமாகக் கற்பிக்கும் ஆசிரியர்’, ‘பணியாற்றிக்கொண்டே பயிலும் மாணவர்’ என வினையோடு இயைத்து எழுதுவதை நாம் பரிந்துரைக்கிறோம். தொடர் நீளும், எனினும் நேரம் எதற்குரியது என்பது தெளிவாகும்.

எழுத்துமுறை பற்றியும் ஒரு சொல்: பகுதிநேரக் கல்வி, பகுதிநேரப் படிப்பு என வல்லினம் மிகும், பகுதிநேர வேலை என்பதில் அதற்கு இடமில்லை.