ஒரே டேங்கில் கலக்கலாமா?

ஆரணியாற்றுப் படுகையில் நெல் வைப்பவர்களுக்குச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டம். சம்பாக் கதிர் வெளிவரும் நேரத்தில் மழை மூடாக்கும் இரவுப் பனியும் சேர்ந்து, யூரியாவும் ஒரு கை கூடிப்போனால் குலைநோய்க்கு வேறு அழைப்பு வேண்டாம். இலையில் கண் வடிவப் புள்ளி விழும். நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. கதிர்க்கழுத்தில் விழுந்தால் கதிர் ஒடிந்து பதராகும்.

சென்னை மாகாணத்துக்கு இது பழைய எதிரி. 1919-இல் தஞ்சை டெல்டாவில் பெரும் அழிவு. மருந்து இல்லாத அந்தக் காலத்தில் விதையே மருந்து: குலைநோய் தாங்கும் கோ 4-ஐ ஆடுதுறை 10-உடன் ஒட்டிக் கோவையில் கோ 25 உருவானது. ஆரணியாற்றுக்குப் பக்கத்துச் சீமையான திரூரிலும் நெல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. அங்கே பிறந்த டி.கே.எம். 6 தண்டுத் துளைப்பானைத் தாங்கும் ரகம். பிலிப்பைன்ஸில் 1969-இல் வெளியான ஐ.ஆர். 20-க்கு அது ஒரு பெற்றோர்.

பசுமைப் புரட்சி கணக்கை மாற்றியது. ஐ.ஆர். 50 போன்ற ரகங்கள் நன்றாக விளைந்தன, குலைநோய்க்கும் எளிதில் மடங்கின. கார்பன்டசிம், பிறகு டிரைசைக்ளசோல் என்று பூசணக்கொல்லி மருந்து கடைக்கு வந்தது. தெளித்தால் கேட்கும், ஆனால் வருஷா வருஷம் ஒரே மருந்தை அடித்தால் குலைநோய்ப் பூசணம் பழகிவிடும்.

1990-களில் இன்னொரு வழி திறந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஞானமாணிக்கம், பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் மியூவுடன் சேர்ந்து, வேரோரத்தில் வாழும் சூடோமோனாஸ் பாக்டீரியா குலைநோயை அடக்குவதையும், அதில் அது சுரக்கும் நுண்ணுயிர்க்கொல்லிக்குப் பங்கு இருப்பதையும் 1992-இல் வெளியிட்டார். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தில் வித்யாசேகரனும் முத்தமிழனும் அதே இன பாக்டீரியாவை டால்க் தூளில் கலந்து பாக்கெட்டுக்கு ஏற்ற வடிவமாக்கினார்கள்.

அமெரிக்கப் புல்தரைக்காரர்களுக்கும் பூசண நோய் ஒரு தலைவலி. கோல்ஃப் மைதானப் புல்லைப் பழுப்புத் திட்டாக்கும் ரைசோக்டோனியா சொலானி, நம் வயலில் இலையுறைக் கருகலுக்கும் காரணம். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஹார்மன் குழு, ட்ரைக்கோடெர்மா டி-22 என்ற பூசணத்தைப் புல் நோய்களுக்கு எதிராகச் சோதித்து 1996-இல் முடிவை வெளியிட்டது. டி-22-இன் பெற்றோரில் ஒன்றான டி-95, கார்பன்டசிமின் உறவான பெனோமிலுக்கு மடியாதபடி ஆய்வகத்தில் மாற்றப்பட்ட இனம். ரசாயனத்தோடு சேர்ந்து வாழ வேண்டும் என்ற தேவை அதன் வம்சத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

ஆரணியாற்று வயலுக்கு இதில் என்ன? சாதாரண ட்ரைக்கோடெர்மாவைக் கார்பன்டசிமோடு கலந்தால் நல்ல பூசணமும் போய்விடும். சூடோமோனாஸ் பாக்டீரியா என்பதால் பூசணக்கொல்லி அதை அவ்வளவாகத் தொடாது. ஆனால் பாக்டீரியா இலைக்கருகலுக்கு முன்பு பரிந்துரைக்கப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின், காப்பர் ஆக்சிகுளோரைடு கலவையில் அது தாங்குவது கஷ்டம். எது எதைக் கொல்லும் என்று வயலில் நின்று பிரித்துப் பார்ப்பது எளிதல்ல. அதனால் வேளாண் பல்கலைக்கழகக் கையேடு ஒரே போடாகச் சொல்லிவிட்டது: பூசணக்கொல்லியோடு உயிரி மருந்து ஒத்துவராது, உயிர் உரத்தோடு தாராளமாகக் கலக்கலாம்.

கலக்காமலே சேர்ப்பதுதான் நடைமுறை. கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் சேர்த்து இரவு ஊறவைப்பார்கள். நாற்று பிடுங்கியபின் ஹெக்டேருக்கு 2.5 கிலோ கணக்கில் பாத்தித் தண்ணீரில் தூளைக் கரைத்து, முடிச்சுகளின் வேரை அரை மணி நேரம் நனைப்பார்கள். நட்டபின் இன்னொரு 2.5 கிலோவைத் தொழு உரத்தில் கலந்து வயலில் இறைப்பார்கள். இவ்வளவுக்கும் பிறகு புள்ளி பரவினால்தான் டிரைசைக்ளசோல் கைத்தெளிப்பானில் ஏறும். அன்றைக்கு அந்த டேங்கில் சூடோமோனாஸ் சேர்வதில்லை.