சென்னைச் சித்திரக் கலாசாலையும் ஆசிரியரின் கேள்வியும்

கமுந்திங் தோட்டங்களிலாயினும் பட்டணத்திலாயினும், பிள்ளை சித்திரம் வரையக் கண்டால் "இது சோறு போடுமா?" என்று கேளாத வீடு நம்மவரிடையே அரிது. கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்கு விடையளிக்க வேண்டியவன் பிள்ளையல்லன், கற்பிக்கிறவனே. நாம் எதைக் கற்பிக்கிறோம், எதற்காகக் கற்பிக்கிறோம் என்று ஆசிரியர்கள் தம்மையே கேட்டுக்கொண்ட சரித்திரம் சென்னைச் சித்திரக் கலாசாலைக்கு உண்டு.

1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் ராணுவ வைத்தியர் தம் கைப்பொருளைச் செலவிட்டு அதனைத் தொடங்கினார்; பின்னர் அரசாங்கம் ஏற்றது. மேல்நாட்டுச் சாந்துச் சிலைகளைப் பார்த்து வரைவதே அக்காலத்துச் சித்திரக் கல்வியில் பெரும்பகுதி. 1884-இல் பொறுப்பேற்ற ஹாவெல், இந்நாட்டுக் கைவினைஞரின் வேலைப்பாட்டைக் கண்டபின் அம்முறையை ஐயுற்றார். 1896-இல் கல்கத்தாக் கலாசாலைக்குச் சென்றவர் அங்கே மேல்நாட்டுப் படங்களை அகற்றி, முகலாயச் சித்திரங்களை முன்வைத்தார். மாணவர்களோ வேலைநிறுத்தம் செய்தனர்! உயர்ந்த கலையை நமக்குத் தர வெள்ளையன் மறுக்கிறான் என்பது அவர்கள் ஐயம். அதனை மூடத்தனமென்று நாம் தள்ளிவிட மாட்டோம். அடிமை நாட்டில் மேலிருந்து இறங்கும் நன்மையும் கட்டளையாகவே தோன்றும்.

இதற்கிடையே, 1898-இல் சாட்டர்டன் என்பவர் சென்னைக் கலாசாலையிலேயே அலுமினியப் பாத்திரம் செய்யக் கற்பித்தார். பித்தளைக்கு ஈயம் பூச வேண்டும், இதற்கு வேண்டாம். ஈயலம்பம் தோண்டிய கமுந்திங்கார் இதைக் கேட்டு முகஞ்சுளிக்கலாம்! எனினும் வகுப்பறை ஏழையின் அடுப்பங்கரையை எண்ணிப் பார்த்தது சிறிய செய்தியன்று.

1929-இல் தேவி பிரசாத் ராய் சௌதுரி அக்கலாசாலையின் முதல் இந்தியத் தலைவரானார். அவரிடம் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, 1957-இல் தலைமையேற்றவர் கே. சி. எஸ். பணிக்கர். தேறி வெளியேறும் மாணவன் படம் வரைந்து பிழைக்க வழியில்லை என்பதை அவர் கண்டார். படிப்பு நன்றாக நடக்கிறதென்று வாளாவிருக்கவில்லை. ஓவியரும் சிற்பியரும் மெழுகுச் சாயத் துணி முதலிய கைவினைப் பொருள்கள் செய்து விற்க ஏற்பாடு செய்தார். அவ்வருவாய்கொண்டு கடற்கரையோரம் நிலம் வாங்கி, 1966-இல் சோழமண்டலக் கலைஞர் கிராமத்தை அமைத்தனர். கைத்தொழிலைக் கலைக்குக் கீழ்ச்சாதியாக வைக்கும் வழக்கம் அங்கே செல்லவில்லை.

தலைவரான பின்னும் பணிக்கர் மாணவராகவே இருந்தார். 1963 முதல் எழுத்தும் எண்ணும் குறியும் நிறைந்த படங்களை வரையலானார்.