குடும்ப மரமும் கோவில் பதிவேடும்



நமது பங்கின் நூற்றாண்டு விழா நெருங்க நெருங்க, பங்கு அலுவலகத்திற்குப் புதுவகை விருந்தினர் வரத் தொடங்கினர். ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டு வருவோர் எக்காலத்தும் உண்டு. இவர்களோ, "எங்கள் பாட்டனாரின் தகப்பனார் பெயர் உங்கள் புத்தகத்தில் இருக்குமா?" என்று கேட்டு வந்தார்கள்.

அவர்களுள் ஒருவர் வெளிநாட்டில் வேலை செய்யும் இளைஞர். நம் பங்குக் குடும்பம் ஒன்றின் பேரன். அவர் கையில் ஒரு பெரிய தாள் இருந்தது. குடும்ப வரலாற்று இணையதளம் ஒன்றில் தாமே தயாரித்து அச்சிட்ட வம்சப் படம் அது. விசிறியை விரித்தாற்போன்ற அமைப்பு. நடுவில் அவர் பெயர், அதைச் சுற்றிப் பெற்றோர் இருவர், அடுத்த வளையத்தில் நால்வர், அதற்கடுத்து எண்மர், வெளி வளையத்தில் பதினாறு பேர். ஆக 31 கட்டங்கள். ஒன்றுகூட வெறுமையாக இல்லை. என் பாட்டியின் தாயார் பெயரே அறியாத எனக்கு அது பெரும் வியப்பாக இருந்தது. ஆனால் பதிவேட்டைத் திறந்தபோது அந்த வியப்பு வேறுவிதமாக முடிந்தது. அதைச் சொல்லுமுன், இந்தப் படமும் பதிவேடும் வந்த வழியைச் சற்றுப் பார்ப்போம்.

படம் வந்த வழி

வம்சத்தை வரிசைப்படுத்துவது திருச்சபைக்குப் புதியதன்று. மத்தேயு தம் நற்செய்தியை ஒரு வம்ச அட்டவணையோடுதான் தொடங்குகிறார். ஆபிரகாமிலிருந்து கிறிஸ்து வரை மேலிருந்து கீழே வருகிறார். லூக்காவோ இயேசுவிலிருந்து ஆதாம் வரை கீழிருந்து மேலே ஏறுகிறார். இன்றைய இணையதளங்களில் 'சந்ததிப் படம்' என்றும் 'முன்னோர் படம்' என்றும் இருவகை உண்டல்லவா? இவ்விரு நற்செய்தியாளர்களும் கையாண்ட முறைகளே அவை.

பின்னர் மரம் என்னும் உருவம் திருமணச் சட்டத்திற்கும் பயன்பட்டது. எத்தனை தலைமுறை வரை இரத்த உறவு மணத்தடையாகும் என்பதைக் காட்ட, சட்ட அறிஞர்கள் 'உறவுமுறை மரம்' வரைந்தார்கள். ஏழு தலைமுறை வரை இருந்த தடையை 1215-ல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் நான்காகக் குறைத்தது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு அதை மூன்றாக்கியது. 1983-ஆம் ஆண்டுச் சட்டம் எண்ணும் முறையையே மாற்றியது. பொது மூதாதையரை விட்டுவிட்டு, இருபக்கமும் உள்ள ஆட்களை எண்ண வேண்டும். அதன்படி அத்தை மகனும் மாமன் மகளும் நான்காம் நிலை. தாய்மாமனும் மருமகளும் மூன்றாம் நிலை. இரண்டுக்கும் ஆயரிடம் விலக்குப் பெறவேண்டும். முறைப்பெண் முறைமாப்பிள்ளை வழக்கமுள்ள நம் நாட்டில், பங்குக் குருக்கள் எத்தனையோ மாலைப் பொழுதுகளில் கோடு போட்டுக் கட்டம் கட்டி இக்கணக்கைப் பார்த்திருக்கிறார்கள். கணினி வருமுன்னே நாங்களும் வம்சப் படம் வரைந்தவர்கள்தாம்!

முன்னோருக்கு எண் கொடுக்கும் முறையும் பழையதே. மிக்கேல் எய்ட்சிங் என்பவர் 1590-ல் அதை அச்சில் வெளியிட்டார். உங்கள் எண் 1. எவருடைய எண்ணையும் இரட்டித்தால் அவர் தந்தையின் எண் வரும். அதனோடு ஒன்றைக் கூட்டினால் தாயின் எண். தந்தை 2, தாய் 3. தந்தையின் தந்தை 4. அவருடைய தந்தை 8, தாய் 9. இந்த ஒன்பதாம் எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவேடு வந்த வழி

படத்திற்கு உயிர் கொடுப்பது பதிவேடு. திரிதெந்தீன் பொதுச்சங்கம் 1563 நவம்பர் 11-ல் வெளியிட்ட திருமண ஆணையில், மணமக்கள், சாட்சிகள் பெயரையும் நாளையும் இடத்தையும் எழுதிவைக்கப் பங்குக் குருவுக்குக் கட்டளையிட்டது. மறைவில் மணம் முடித்துவிட்டுப் பின்னர் மறுத்து, வேறொருத்தியைக் கைப்பிடிக்கும் அநீதியைத் தடுப்பதே நோக்கம். ஞானப்பெற்றோரின் பெயரையும் எழுதச் சொன்னது. 1614-ல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் வெளியிட்ட உரோமைச் சடங்கு நூல், ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், திருமணம், குடும்ப நிலை, மரணம் என ஐந்து ஏடுகளைக் குறிப்பிட்டது.

திருத்தந்தை பத்தாம் பத்திநாதரின் காலத்தில், 1907-ல் வந்த ஆணை இன்னொரு நன்மை செய்தது. ஒருவருக்குத் திருமணம் நடந்தால், அச்செய்தியை அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்திலும் குறிக்கவேண்டும். 1908 பாஸ்குத் திருநாள் முதல் அது நடைமுறைக்கு வந்தது. ஓரத்தில் நெருக்கி எழுதிய அந்த ஒரு வரிதான் வம்சம் தேடுவோருக்குக் கைவிளக்கு.

ஒரே மனிதர், பல பெயர்கள்

இணையதளத்தின் கருவிகள் நம்மவர் பெயர்களில் தடுமாறுகின்றன. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரே முதலெழுத்து. கடைசிப் பெயருக்கான கட்டத்தில் தந்தை பெயரை எழுதினால், தலைமுறைதோறும் குடும்பப் பெயர் மாறுவதாகக் கணினி எண்ணும். மேலும் பழைய குருக்கள் இலத்தீனில் எழுதினார்கள். வீட்டில் ராயப்பன், ஏட்டில் பேத்ருஸ். வீட்டில் சின்னப்பன், ஏட்டில் பவுலுஸ். வீட்டில் சூசை, ஏட்டில் யோசேபுஸ். 1745 மே 14-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்ற நீலகண்டன் 'லாசர்' ஆனார். அதன் தமிழே தேவசகாயம். 2022-ல் புனிதராக உயர்த்தப்பட்ட அவரையே, பெயரை மட்டும் பார்க்கும் கருவி மூன்று மனிதராகக் காட்டக்கூடும். அதுபோல மூன்று மனிதரை ஒருவராகவும் ஆக்கக்கூடும்.

ஒன்பதாம் கட்டம்

அந்த இளைஞருக்கு நேர்ந்ததும் இதுவே. 1930-களில் நம் ஊரில் ஒரே ஆண்டில் ஒரே பெயருடைய இரு குழந்தைகள் ஞானஸ்நானம் பெற்றிருந்தன. இருவர் தந்தைக்கும்கூட ஒரே பெயர். "இவர்கள் ஒருவராக இருக்கலாம், ஒன்றுசேர்க்கவா?" என்று இணையதளம் கேட்டிருக்கிறது. இவர் சரி என்று பொத்தானை அழுத்தியிருக்கிறார். அந்த ஓர் அழுத்தலில், வேறொரு குடும்பத்தின் முன்னோரெல்லாம் இவருடைய முன்னோர் ஆகிவிட்டார்கள்!

பதிவேட்டில் இரு பதிவுகளையும் அருகருகே பார்த்தோம். ஒன்றின் ஓரத்தில் திருமணக் குறிப்பு. அதில் இளைஞருடைய பாட்டியின் பெயர். ஆகவே அதுவே அவர் பாட்டனாரின் பதிவு. அதில் தாயின் பெயராக இருந்தது, படத்தின் ஒன்பதாம் கட்டத்தில் இருந்த பெயர் அன்று. நான்கு ஆண்டு கழித்து, அதே பெற்றோருக்கு ஒரு பெண் குழந்தையின் ஞானஸ்நானம். அதற்குப் பத்தாம் நாள் மரண ஏட்டில் அத்தாயின் அடக்கம்.

அந்தப் பெண் குழந்தை இன்றும் நம் பங்கில் உயிரோடு இருக்கிறார். காலைப் பூசைக்குத் தவறாமல் வரும் முதியவர். சிற்றன்னையிடம் வளர்ந்தவர். தாயின் பெயரை அவருக்கு எவரும் சொல்லவில்லை. மனைவியின் பெயரை உச்சரிக்காத காலம் அது. கேட்கவும் அவருக்குத் துணிவில்லை. ஆண்டுதோறும் நவம்பர் 2-ல் மரித்த விசுவாசிகள் திருநாளுக்கு அவர் தரும் சீட்டில் "என் அம்மா" என்று மட்டுமே இருக்கும். அதன் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கியது.

பேரனும் நானும் அவர் வீட்டிற்குச் சென்று பெயரைச் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இன்னொரு தரம் சொல்லுங்க சாமி" என்றார். அவ்வாண்டு சீட்டில் பெயர் இருந்தது. பீடத்தில் அதை வாசித்தபோது என் குரல் தழுதழுத்ததை மறைக்க விரும்பவில்லை.

நாம் செய்யவேண்டியவை

அன்பர்களே, இணையதளத்தைக் குறைகூறுவது என் கருத்தன்று. அந்தத் தாள் இல்லாவிடில் அந்த ஏடு திறக்கப்பட்டிராது. ஆனால் கருவி ஊகம் சொல்லும், சான்று சொல்லாது. ஆகவே பெயரும் ஆண்டும் ஒத்திருப்பதால் மட்டும் இருவரை ஒன்றாக்காதீர்கள். தாயின் பெயர், ஞானப்பெற்றோர், ஊர், ஓரக்குறிப்பு ஆகியவற்றையும் ஒப்பிடுங்கள். ஒவ்வொரு பெயரோடும் அது எங்கிருந்து கிடைத்தது என்பதை எழுதுங்கள். தெரியாத கட்டத்தை வெறுமையாக விடுங்கள், அதில் வெட்கமில்லை. பெரியவர்கள் இருக்கும்போதே வீட்டுப் பெயரையும் கோவில் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏடுகளைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றலாமா என்று சிலர் கேட்கிறீர்கள். அதற்கு நான் இசைய முடியாது. அவற்றில் உயிரோடு இருப்போரின் அந்தரங்கச் செய்திகளும் உண்டு. மேலும், மரித்தோருக்காகப் பதிலாள் வைத்து ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கமுள்ள பிற சபையினரிடம் ஏடுகளை ஒப்படைக்க வேண்டாம் என்று 2008-ல் உரோமையிலுள்ள குருக்களுக்கான பேராயம் அறிவுறுத்தியுள்ளது. ஆனால் உங்கள் முன்னோரின் பதிவை உங்களுக்குப் பார்த்து எழுதித்தர நான் என்றும் ஆயத்தமாக இருக்கிறேன்.

நூறு ஆண்டுகளாக இந்த ஏடுகளை எழுதிய குருக்களும் உபதேசியார்களும் வம்ச வரலாறு எழுதுவதாக எண்ணியிருக்கமாட்டார்கள். ஞானஸ்நானம் கொடுத்தார்கள், கையைத் துடைத்துக்கொண்டு தாயின் பெயரைக் கேட்டு எழுதினார்கள். அந்தச் சிறு கடமை, எண்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு மகளுக்குத் தாயின் பெயரைத் திருப்பித் தந்தது. இந்த யூபிலி ஆண்டில் அவர்களுக்காக ஒரு செபம் சொல்வோம்.

ஆண்டவரில் உங்கள்,
பங்குக் குரு