மாமியார் வீட்டுக்குப் போகாத மருமகள்கள்: கிழக்கிலங்கையில் தமிழ்நாட்டுத் தொடர்கள்

திருகோணமலையிலிருந்து கண்டி வீதியில் வரும் கப்பல்துறையைச் சூழ்ந்த பிரதேசத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் வாழ்கிறார்கள். மாவட்டத்தில் எந்தச் சமூகமும் பாதித்தொகையை எட்டவில்லை. ஒரு நாட்டின் தொலைக்காட்சி இன்னொரு நாட்டார் மனத்தில் எப்படிப் பதிகிறது என்று ஆராய இதைவிடத் தோதான களம் இலங்கையில் குறைவு. தமிழ்நாட்டுத் தொடர்கள் இங்கே அயல்நாட்டு இறக்குமதி. ஆனால் மொழி ஒன்றாக இருப்பதால் அயல் என்பதே உறைப்பதில்லை. மொழி பொது, குடும்ப அமைப்பு வேறு. இந்த இடைவெளியில்தான் தமிழ்நாட்டைப் பற்றிய ஒருதலையான சித்திரம் இங்கே வேரூன்றியது என்பது என் வாதம்.

அலைவரிசை முதலில் எதிர்த்திசையில்தான் ஓடியது. 1952இல் அமைச்சர் பி.வி. கெஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒதுக்கியபோது இந்திய நேயர்கள் இலங்கை வானொலிக்குத் தாவினார்கள். மயில்வாகனம், பின்னர் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல் வழியாகவே தமிழ்நாட்டின் ஒரு தலைமுறை இலங்கையை அறிந்தது. தொலைக்காட்சி வந்ததும் திசை மாறியது. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982 பெப்ரவரி 15இல் ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினியும் தொடங்கின. 1980களின் பிற்பகுதியில் வடக்குக் கரையோர வீடுகள் உயர்ந்த அன்ரனா நட்டுத் தூர்தர்ஷன் பார்த்தன. 1993 ஏப்ரல் 14இல் சன் தொலைக்காட்சி பிறந்தது. 1998இல் வந்த சக்தி தொலைக்காட்சி தமிழ்நாட்டுத் தொடர்களை மாலைப் பழக்கமாக்கியது. 'சித்தி', 'மெட்டி ஒலி', 'கோலங்கள்' ஆகியவை இரு கரையிலும் பேசப்பட்ட பெயர்கள்.

இந்தத் தொடர்களின் அச்சாணி மாமியார் வீடு. மணமான பெண் வாசலில் நிற்கிறாள், ஆரத்தி சுற்றுகிறார்கள், "வலது காலை எடுத்து வைத்து உள்ளே வா" என்கிறார்கள். அடுத்த வாரம் அடுப்படி யாருக்கு, சாவிக்கொத்து யாருக்கு என்ற போர் மூள்கிறது. கிழக்கிலங்கையின் வழக்கம் இதற்கு நேரெதிர். அக்கரைப்பற்றை மையமாக்கி மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே பல ஆண்டுகள் செய்த ஆய்வுகள் விரிவாகக் காட்டுவதுபோல, இங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகிறது. மகளுக்காகப் பெற்றோர் வீடு கட்டுகிறார்கள். மாப்பிள்ளைதான் குடி வருகிறார். பெண்ணின் தாய் அதே வீட்டிலோ பக்கத்து வளவிலோ இருப்பார். வலது காலை எடுத்து வைக்க வேண்டியவர் மருமகன்!

அப்படியானால் மருமகள் கண்ணீர் வடிக்கும் காட்சியைக் கிழக்கின் பெண் தன் கதையாகப் பார்ப்பது கடினம். "இந்தியாவில் இப்படித்தான்" என்று எடுத்துக்கொள்வதே இலகு. தாலியிலும் இதே கதை: இலங்கைத் தமிழர் பெரும்பாலும் பொன் கொடியில் தாலி கட்டுபவர்கள், தொடர்களில் கண்ணில் ஒற்றிக்கொள்வதோ மஞ்சள் கயிறு. இத்தகைய சிறு வேறுபாடுகள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து, தமிழ்நாடு என்றால் மாளிகை, பட்டு, சூழ்ச்சி, மருமகள் படும் பாடு என்ற படிமம் உருவாகிறது. திருப்பூரில் ஆடை தைக்கும் பெண்ணும் காவிரிப் படுகையில் நாற்று நடும் பெண்ணும் அதற்குள் வருவதே அரிது. ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்களை ஒரு வரவேற்பறைக்குள் அடைத்துவிடும் இந்தச் சுருக்கத்தைப் பெரும் இழப்பென்றே நினைக்கிறேன்.

பார்ப்பவர் வெறும் பாத்திரம் அல்லர் என்பதும் உண்மை. அமெரிக்கத் தொடரான 'டல்லாஸ்' பற்றி தமர் லீப்ஸும் எலிஹு காட்ஸும் 1990இல் வெளியிட்ட நூல் இதற்குச் சான்று. இஸ்ரேலில் அரபியரும் மொரொக்கோ யூதரும் அதைக் குடும்ப உறவுகளின் கதையாகச் சொன்னார்கள்; ரஷ்யாவிலிருந்து குடியேறியோர் அதற்குள் ஒரு கருத்துப் பிரசாரத்தைக் கண்டார்கள்; ஜப்பானில் தொடர் எடுபடவே இல்லை. அயல்வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் அனுபவமும் வேறு. ஜப்பானில் 1983-84இல் ஒளிபரப்பாகி, பின்னர் ரூபவாஹினியில் வந்த 'ஓஷின்' வறுமையில் உழைத்து முன்னேறிய ஜப்பானியப் பெண்ணைக் காட்டியது. 'சுஜாதா தியணி' என்ற பெயரில் வந்த கொரியத் தொடர் அரண்மனைச் சமையலறையைக் காட்டியது. இவை தொலைதூர நாடுகள் என்பது பார்ப்பவருக்கு முதலிலேயே தெரியும். தமிழ்ப் பார்வையாளருக்கு அந்த எச்சரிக்கை கிடைப்பதில்லை.

2006இல் அரசு வெளிநாட்டுத் தொடர்களுக்கு வரி விதித்தது. அந்த வரியால் உள்ளூர்த் தமிழ்த் தயாரிப்பு தழைக்கவில்லை. சீதன வீட்டின் கதை இன்னும் தொடராகப் பேர்பெறவில்லை.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடல் கற்பிக்கும் பீடமே இருக்கிறது. அதன் மாணவர்கள் கப்பல்துறையிலும் அயலூர்களிலும் மூன்று சமூகத்தார் வீடுகளிலும் உட்கார்ந்து, தொடர் ஓடும்போது என்ன பேசுகிறார்கள் என்று பதிவுசெய்ய வேண்டும். சீதன வீடு வாங்கிய பாட்டிமாரும் கைபேசியில் தொடர் பார்க்கும் பேத்திகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும்.