கார் விற்பனை வளாகம்: வேலியைவிட சாவியே முக்கியம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் திறந்தவெளியில் கார்களை நிறுத்தி விற்கும் சிறு வணிகருக்கு ஒரு கார் களவு போனாலே பல கார்களில் கிடைத்த லாபம் கரைந்துவிடும். வேலியும் ரகசியக் கண்காணிப்பு கேமராவும் அவசியமே. ஆனால், சாவி கைமாறினால் அவை போதாது.

ஓட்டிப் பார்க்க வருபவர், அசல் சாவியை வைத்துக்கொண்டு அதே தோற்றமுள்ள வேறு சாவியைத் திருப்பித் தரக்கூடும். இரவில் வந்து காரை ஓட்டிச் செல்வது அவருக்கு எளிது. எனவே, மைகார்டு, ஓட்டுநர் உரிம விவரங்களைப் பதிந்த பின்னரே சாவியைக் கொடுக்க வேண்டும். திரும்ப வாங்கியதும் அதே சாவியால் காரை முடுக்கிப் பார்க்க வேண்டும். கடை மூடும்போது எல்லாச் சாவிகளையும் எண்ணி இரும்புப் பெட்டியில் பூட்டுவது நல்லது.

வாயிலை ஒட்டி கார்களைக் குறுக்கே நிறுத்தினால், உள்ளே இருப்பவற்றை எளிதில் வெளியே எடுக்க முடியாது. வெளிச்சம் கார்களின் இடைவெளியிலும் விழ வேண்டும். பழைய கேமரா பதிவுகள் தானாக அழியும் என்பதால், சம்பவம் நடந்தவுடன் நகல் எடுக்க வேண்டும்.

குற்றவியல் சட்டத்தின் 379ஏ பிரிவின்படி, வாகனத்தையோ அதன் பாகத்தையோ திருடுவோருக்கு 1 முதல் 7 ஆண்டுகள் வரை சிறையும் அபராதமும் விதிக்கப்படலாம். கண்ணாடியை உடைப்பது, சாயத்தைக் கீறுவது போன்ற நாசவேலைக்கு 427ஆவது பிரிவு பொருந்தும்.

போலீஸ் புகாருக்குப் பதிவு எண்ணுடன் சேஸி, இயந்திர எண்களும் தேவைப்படும். அந்தப் பட்டியலை வளாகத்துக்கு வெளியிலும் வைத்திருக்க வேண்டும். விற்பனைக்கு நிற்கும் கார்களுக்கும் காப்புறுதி செல்லுமா என்பதை இப்போதே கேட்டு உறுதிசெய்வது நல்லது.