கணினி வலையமைப்புத் தணிக்கை

கணினி வலையமைப்புத் தணிக்கை என்பது ஒரு வலையமைப்பில் எந்தப் பயனருக்கு எந்தெந்த அணுக்க உரிமைகள் உள்ளன, எந்தக் கணினியில் எந்தெந்த மென்பொருட்கள் நிறுவப்பட்டுள்ளன என்பவற்றைப் பட்டியலிட்டுச் சரிபார்த்தல் ஆகும்.

பயனர் உரிமைகள்

பணிக்குத் தேவையான உரிமைகளை மட்டும் வழங்குவது குறைந்தபட்ச உரிமைக் கொள்கை எனப்படும். பயனர் கணக்குகள் பணியாளர் பட்டியலுடன் ஒப்பிடப்பட்டு, விலகியோரின் கணக்குகள் முடக்கப்படும். 2021இல் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவன வலையமைப்பினுள் தாக்குநர்கள் நுழைந்தது, பயன்பாட்டில் இல்லாதபோதும் முடக்கப்படாதிருந்த ஒரு கணக்கின் வழியாகும். அதனால் எரிபொருள் குழாய்வழி சில நாட்கள் நிறுத்தப்பட்டது.

மென்பொருட்கள்

டெபியன் லினக்சில் டிபிகேஜி கட்டளை நிறுவப்பட்ட பொதிகளைப் பட்டியலிடும். ஆயினும் பிற மென்பொருட்களினுள் பொதிந்துள்ள நிரலகங்கள் அதில் தென்படாமல் போகலாம். 2021 திசம்பரில் லாக்4ஜே நிரலகத்தின் பாதுகாப்பு வழு வெளியானபோது, அந்நிரலகம் எங்கெங்கு உள்ளது எனக் கண்டறிவதே பெரும்பணியாயிற்று.