ஏரிக்கரைக்காரி

ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை காலையில் மேற்குத் தாம்பரம், முடிச்சூர், பெருங்களத்தூர்ப் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு எல்.ஆர். ஈஸ்வரியின் குரல்தான். பந்தல் கால்களில் வேப்பிலை தொங்கும். மஞ்சள் சேலை கட்டிய பெண்கள் குடத்தோடு கிளம்பிக்கொண்டிருப்பார்கள். பம்பையும் உடுக்கையும் முன்னால் போக, நீர்நிலைக்குச் சென்று, கரகம் சோடித்து, அம்மனைத் தண்ணீரோடு அழைத்து வருவார்கள். ‘ஜலம் திரட்டுறது’ என்பது இதைத்தான். அண்டாவில் கூழ் வருவது அதற்கப்புறம். கூழைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. குடத்தை யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை.

செங்கல்பட்டுச் சீமைக்கு ‘ஏரி மாவட்டம்’ என்று ஒரு பெயர் உண்டு. ஆண்டு முழுக்க நீர் ஓடும் ஆறு இங்கே கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற மழையைக் கரை கட்டிப் பிடித்துவைத்தால்தான் நெல். சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மாடம்பாக்கம், பீர்க்கன்காரணை, இரும்புலியூர்... இன்றைக்குப் பேருந்து நிறுத்தங்களாகத் தெரிகிற இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஏரி உண்டு. கரை உடைந்தால் ஊர் போச்சு. அதனால் கரைமேட்டிலும் ஊர் எல்லையிலும் காவலுக்கு ஒருத்தியை உட்காரவைத்தார்கள். எல்லையம்மன், செல்லியம்மன், மாரியம்மன் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். மாரி என்றாலே மழைதானே.

இது நேற்று வந்த ஏற்பாடு இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டுகள் ஊர்களில் வரி நீக்கப்பட்ட நிலங்களைப் பட்டியலிடுகின்றன. குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பிடாரி கோயிலும் காடுகாள் கோயிலும் அதே பட்டியலில் வருகின்றன. அரசனின் கணக்குப்பிள்ளைக்கும் குளத்தையும் பிடாரியையும் ஒரே மூச்சில் எழுதத் தோன்றியிருக்கிறது. தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே சான்று வேண்டுமென்றால் வேளச்சேரி இருக்கிறது. அங்குள்ள செல்லியம்மன் கோயிலில் சப்தமாதர் சிலைகள் உண்டு.

தொண்டை மண்டலத்தில் அதிகம் சொல்லப்படும் ரேணுகா கதையிலும் தண்ணீர்தான் நடுநாயகம். ஆற்று மணலைக் கையால் பிசைந்து தினமும் பச்சைக்குடம் செய்து நீர் மொண்டு வந்தவள் அவள். ஒருநாள் தண்ணீரில் கந்தர்வனின் நிழலைப் பார்த்து மனம் அசைய, குடம் கரைந்துபோனது. மற்றது எல்லோருக்கும் தெரியும்: பரசுராமனின் கோடரி, மாறிப்போன தலை. தலைமேல் தளும்பாமல் கரகம் எடுத்துவருகிற பூசாரியைப் பார்க்கும்போது அந்தக் கரைந்த குடம் நினைவுக்கு வராமல் இருக்காது.

கூழுக்கு வேறு கணக்கு. ஆடியில் குதிர் காலி, அப்போதுதான் விதைப்பு. வீட்டில் இருக்கிற கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யோடு கிண்டினால் தெருவே குடிக்கலாம். தொட்டுக்கொள்ள சின்ன வெங்காயம், முருங்கைக்கீரை, கருவாட்டுக் குழம்பு. உடம்புக்கும் குளிர்ச்சி. பெரியம்மை கொத்துக்கொத்தாய் ஆளைக் கொண்டுபோன காலத்தில் இந்தக் குளிர்ச்சி உயிர் விஷயம். அந்த நோயை ஒழித்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. ஆனாலும் பிள்ளைக்குச் சின்னம்மை போட்டால் இங்கே இன்றும் ‘அம்மா வந்திருக்கா’ என்றுதான் சொல்கிறார்கள். வாசலில் வேப்பிலை செருகுகிறார்கள்.

வயல்கள் நகர்களாக மாறிய கதையில் 1931ஆம் ஆண்டு முக்கியம். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது அப்போதுதான். 1928இல் டாக்டர் சௌரி முத்து தொடங்கிய காசநோய் மருத்துவமனை ‘சானடோரியம்’ என்றே ரயில் நிலையத்துக்குப் பெயராகிவிட்டது. 1937இல் கிறித்தவக் கல்லூரி சேலையூர்க் காட்டுக்குக் குடிவந்தது. பிறகு மனை மனையாய் நிலம் விற்றது. ஏர் பிடித்தவர்களின் பிள்ளைகள் ரயிலேறி வேலைக்குப் போனார்கள். செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு உகந்த நாள் என்றாலும், இந்தப் பக்கம் கூழுக்கு ஞாயிறுதான் தோது. ஒரே ஞாயிற்றில் எல்லாத் தெருவுக்கும் பம்பைக்காரர் கிடைப்பாரா? அதனால் வாரத்துக்கு ஒரு தெருவாகப் பிரிந்து, ஆடி முடிந்து ஆவணியிலும் கூழ் ஊற்றுகிறார்கள். இதைச் சம்பிரதாயம் கெட்டுப்போனதாகப் புலம்புகிறவர்கள் உண்டு. சம்பிரதாயம் பிழைத்ததே இப்படி வளைந்து கொடுத்ததால்தான்.

ஓட்டுச் சாய்ப்பில் இருந்த அம்மன்களுக்குக் கோபுரமும் கிரானைட் தரையும் வந்துவிட்டன. மயிலாப்பூர் முண்டகக்கண்ணியம்மன் மட்டும் இன்றும் கீற்றுக் கூரைக்குக் கீழேதான் இருக்கிறாள். புறநகர்த் தெருக்களில் அந்தப் பிடிவாதம் அரிது.

பெரிய இடைஞ்சல் தண்ணீரில்தான். ஏரிகள் சுருங்கின, சாக்கடை கலந்தது. 2015 டிசம்பர் முதல் தேதி தொடங்கிய ஒரே நாள் மழையில் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகள் மூழ்கின. தண்ணீர் தன் பழைய பட்டாவைத் தேடி வந்தது என்று சொல்ல வேண்டும். நான்கே ஆண்டில், 2019 கோடையில், அதே ஊர்கள் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசை கட்டின. அந்த ஆண்டுதான் சிட்லபாக்கத்தில் குடியிருப்பவர்களே மண்வெட்டியோடு ஏரிக்குள் இறங்கினார்கள். அரசும் அதைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் அறிவித்தது.

2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியானது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாயின. எல்லைகள் அழிந்தாலும் எல்லையம்மன்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். ஏரி கெட்டுப்போன தெருக்களில் ஜலம் திரட்ட இப்போது கிணற்றடியும் மோட்டார்க் குழாயும்தான். குடத்துக்கு மஞ்சள் பூசுவதும், வாயில் வேப்பிலை செருகுவதும் அப்படியே நடக்கின்றன.

அடுத்த ஆடியில் அந்தப் பக்கம் போகிறவர்கள் கையோடு ஒரு தூக்குவாளி எடுத்துப் போங்கள். மதியத்துக்கு மேல் அண்டாவில் ஒன்றும் மிஞ்சாது.